ஆறாம் வேற்றுமைப் பெண்கள்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் சைக்கிள்தான் முதலில் வரும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்துக்காரர்கள். கண்ணில் நிற்கிற காட்சி அது. மேடைக்கும் நாடகத்துக்கும் கவிதைக்கும் தோதானது. ஆனால் அவர்கள் வைத்த கோரிக்கைகள் மொத்தம் பன்னிரண்டு. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிப்பது, சங்கம் வைக்கும் உரிமை என்று அந்தப் பட்டியல் நீளும். நடுவில் ஒன்று: தொழிலாளர்களின் பெண்களிடம் வெள்ளைத் துரைகளும் ‘கறுப்புத் துரைகளும்’ முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். இன்னொன்று: குறை சொல்லப் போனவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் 2022இல்தான் நிறைவேறியது. அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். பெருமைப்படலாம். பெருமைப்பட்டு முடித்ததும் இலக்கணத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

‘தொழிலாளர்களின் பெண்கள்.’ ஆங்கில ஆவணங்களில் பதிவாகியிருக்கும் வாசகத்தின் பொருள் அதுதான். ஆறாம் வேற்றுமை. உடைமைப் பொருள். அந்தப் பெண்கள் யார்? இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பெரட்டில் பெயர் கொடுத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் வெட்டி, பால் எடுத்து, சுமந்துகொண்டு போய் ஊற்றிக் கூலி வாங்கியவர்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. போராட்டப் பட்டியலில் மட்டும் அவர்கள் இன்னொரு தொழிலாளியின் மனைவி, இன்னொரு தொழிலாளியின் மகள்.

பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. 1930களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, ரப்பர் விலை நன்றாக இருந்த சமயங்களில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலை இறங்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், ஏறினால் சேர்ந்து ஏறும். இடைவெளி மட்டும் போகாது. சீனர் கூலிக்கும் நம் கூலிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை உறுத்தியது. ஒரே வீட்டுக்குள் வரும் இரண்டு கூலிக்கும் உள்ள பத்துக் காசு வித்தியாசம் உறுத்தவில்லை. பெண்ணுக்குப் பாதுகாப்புக் கேட்டார்கள். சமக்கூலி கேட்கவில்லை.

அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ‘தமிழ் நேசன்’ துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை வந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படி விலை கொடுத்த பட்டியல் அது. அதனாலேயே அதைக் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. பெண்கள் இயக்கங்களுக்குள் உலகம் முழுக்க நூறு வருடமாக நடக்கும் ஒரு சண்டை, பாதுகாப்பா சமத்துவமா என்ற சண்டை, நம் ஊரில் எந்த வடிவில் வந்தது என்பதற்கு அந்தப் பட்டியல்தான் முதல் சாட்சி. இன்று பெட்டாலிங் ஜெயாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கருத்தரங்குகளில் அந்தச் சண்டையைப் பேசும்போது, கிள்ளான் தோட்டத்தைத் தொடாமல் நேராக ஐ.நா. ஒப்பந்தங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

அருணிமா தத்தாவின் ‘ஃப்லீட்டிங் ஏஜென்சீஸ்’ (கேம்பிரிட்ஜ், 2021) இந்தப் பெண்களைப் பற்றிய புத்தகம். மலாயாவின் இந்தியக் ‘கூலிப்’ பெண்களைப் பலிகளாக அழுது தீர்க்காமல், வீராங்கனைகளாகச் சிலை வைக்காமல், கிடைத்த இடத்தில் கிடைத்த நேரத்துக்குத் தமக்கு வேண்டியதைச் சாதித்துக்கொண்டவர்களாக அவர் காட்டுகிறார். சம்பளம் வாங்கி வேலை செய்தவர்களைக் காலனி அரசும் தோட்ட முதலாளிகளும் ‘சார்ந்து வாழ்பவர்கள்’ என்று எழுதிவைத்ததை அவர் பிடித்துக்காட்டும் இடங்கள் எனக்கு மிக முக்கியமாகப் பட்டன. ஆனால் ஆவணக் காப்பகம் ஒரு பெண்ணைக் கவனிப்பது அவள் வழக்கில் சிக்கும்போது, கணவனை விட்டு ஓடும்போது, கொல்லப்படும்போது. பெரட்டுக் களத்தில் பத்துக் காசுக்காக அவள் முணுமுணுத்தது எந்தக் கோப்பிலும் ஏறாது. அந்த இடத்தைப் புனைகதைதான் நிரப்பியிருக்க வேண்டும்.

நிரப்பியதா? நான் வாசித்த வரையில் நம் தோட்டத்துக் கதைகளில் பெண்ணுக்கு நேரும் தொல்லை ஒரே மாதிரித்தான் முடிகிறது. கிராணியோ மண்டோரோ கையைப் பிடிக்கிறான். அண்ணனோ கணவனோ பால்வெட்டுக் கத்தியைத் தூக்குகிறான். அல்லது அவள் கிணற்றில் விழுகிறாள். மானம் போனது யாருக்கு, மீட்டது யார் என்பதில்தான் கதை சுழலும். அடுத்த நாள் அவளுக்கு எந்த நிரையில் வேலை போட்டார்கள், நல்ல மரமா கிழட்டு மரமா, அந்த மாதச் சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று எழுதியவர்கள் குறைவு. பழிவாங்கல் என்பது தோட்டத்தில் அப்படித்தான் நடக்கும், சத்தமில்லாமல். கிள்ளான் பட்டியல் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. நம் கதாசிரியர்கள் பலருக்குத் தெரியவில்லை. கத்தி தூக்கும் காட்சி எழுதச் சுலபம் போல.

சமத்துவம் என்ற மற்றக் கோரிக்கை வேறு கட்டடத்திலிருந்து வந்தது. ராசம்மா பூபாலன் பதின்ம வயதில் ஜான்சி ராணி படையில் சேர்ந்தவர், பிறகு ஆசிரியையானவர். 1960இல் தொடங்கிய பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். ஒரே தகுதி, ஒரே வகுப்பறை, ஆனால் ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம் என்பதை எதிர்த்து அவர்கள் போராடினார்கள். அந்த அறுபதுகளின் கடைசியில், 1969இல், அரசு ஊழியர்களுக்குச் சம ஊதியம் வந்தது. இது சாதாரண வெற்றியில்லை. மலேசியத் தமிழ்ப் பெண் வரலாற்றில் இவரை ஜான்சி ராணி படையோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். எனக்கென்னவோ துப்பாக்கியைவிடச் சம்பளப் பட்டியலோடு அவர் போட்ட சண்டைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் அது அரசாங்கச் சம்பளப் பட்டியல். அதில் பெயர் இருந்தவர்களுக்குச் சமத்துவம் கிடைத்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் இருந்தவர்களுக்குக் கிடைத்தது 1955 வேலைச் சட்டத்தின் எட்டாம் பகுதி. அதாவது பாதுகாப்பு. தொழில்துறையிலும் விவசாயத்திலும் பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 11 மணி நேர ஓய்வு வேண்டும், நிலத்தடி வேலை கூடாது. இந்தப் பத்தும் ஐந்தும் பதினொன்றும் இங்கே யோசித்து எழுதியவை அல்ல. 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு பெண்களின் இரவு வேலை பற்றி எழுதிய ஒப்பந்தத்தின் எண்களே. அமெரிக்காவில் 1923இல் சம உரிமைத் திருத்தத்தை அலிஸ் பால் முன்வைத்தபோது, பெண் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட ஃப்ளாரன்ஸ் கெல்லி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதிவிட்டால், எத்தனையோ வருடம் போராடி வாங்கிய வேலைநேரப் பாதுகாப்பெல்லாம் போய்விடும் என்பது அவர் பயம். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை நல்ல வேலையிலிருந்து தள்ளி வைக்கிறீர்கள் என்பது மற்றவர்களின் பதில். இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை முடியவில்லை.

மலேசியாவில் இந்தச் சண்டையை யாரும் உட்கார்ந்து போடவே இல்லை. முதலீடு வந்து அதை முடித்து வைத்தது. 1970களின் தொடக்கத்தில் சுங்கை வேயில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு விரல் மெலிந்த, குறைந்த கூலிக்கு வரும் இளம் பெண்கள் தேவைப்பட்டார்கள், அதுவும் 24 மணி நேரமும். சட்டத்திலேயே விலக்கு கொடுக்க வழி இருந்தது. தலைமை இயக்குநர் அனுமதி கொடுத்தால் போதும். கொடுத்தார்கள். சட்டப் புத்தகத்தில் தடை அப்படியே இருந்தது, வெளியே பேக்டரி பஸ் ஓடியது. தேசிய அளவில் மின்னணுத் தொழிலாளர் சங்கம் வைக்க மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. 1988இல்தான் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அய்வா ஓங்கின் 1987 புத்தகம் கோல லங்காட் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. வேலை நடுவே பேய் பிடித்து அலறிய மலாய்ப் பெண்களை நிர்வாகம் ‘ஹிஸ்டீரியா’ என்றது, பொமோவைக் கூட்டி வந்தது. அந்த அலறலில் ஓங் எதிர்ப்பைக் கேட்டார். ஊருக்கோ வேறு கவலை. இந்தப் பெண்களுக்கு ‘மீனா காரான்’ என்று பட்டப்பெயர் வைத்து, அவர்கள் எங்கே போகிறார்கள், யாரோடு சுற்றுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களுக்கு அப்படித் தனிப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. அக்கம்பக்கத்து வாயே போதும்.

2022இல் வேலைச் சட்டம் திருத்தப்பட்டபோது எட்டாம் பகுதி முழுதும் நீக்கப்பட்டது. 1 ஜனவரி 2023 முதல் பெண்களுக்கு இரவு வேலைத் தடை இல்லை. சமத்துவத்தின் வெற்றி என்று அதை வரவேற்றவர்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கலந்துரையாடலில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் பேசினேன். முடிந்து டீ குடிக்கும்போது ஒரு தங்கச்சி வந்தார், பன்னிரண்டு வருடமாக நைட் ஷிப்ட் பார்ப்பவர். “அக்கா, தடை இருந்தப்பவும் நான் நைட்டுதான் போனேன். இப்ப தடை இல்லன்னு சொல்றீங்க, இப்பவும் நைட்டுதான். முன்ன பேக்டரி பஸ் வீட்டுக்கிட்ட வரும். இப்ப பஸ்ஸ நிறுத்திட்டாங்க, கிராப் புடிச்சு வான்னு சொல்றாங்க. அதுக்கு எந்தச் சட்டம்?”

சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு இதே கேள்வியைச் சந்தித்தது. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவில் இருந்த பெண்களுக்கான இரவு வேலைத் தடையைச் செல்லாது என்றது. அதோடு நிற்காமல், போக்குவரத்து உட்பட முதலாளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளையும் நிபந்தனையாக வைத்தது. தடையை எடுத்து அந்தச் செலவை முதலாளி தலையில் வைப்பது ஒரு வகைச் சமத்துவம். தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவது இன்னொரு வகை. நம்முடையது இரண்டாவது. டீக்கடையில் அந்தத் தங்கச்சி கேட்டதும் அதைத்தான்.

மருந்தடிக்கும் வேலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பால்வெட்டு குறைந்து செம்பனை வந்தபோது தோட்டப் பெண்கள் பலர் வெளிக்காட்டு வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். களைக்கொல்லிப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, பாராகுவாட் அடிப்பது அவர்கள் வேலை. நகம் பெயர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. ஐரீன் ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா, பசிபிக் வட்டாரப் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து 2002இல் இந்தப் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஐரீனே தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்.

அந்த வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். எட்டாம் பகுதி அதைத் தொடாது. பெண்ணுக்கு இருட்டில் என்ன நடக்குமோ என்று கவலைப்பட்ட சட்டம், பட்டப்பகலில் அவள் முதுகில் ஒழுகிய விஷத்தைப் பார்க்கவில்லை. இங்கே ‘பாதுகாப்பா சமத்துவமா’ என்று கேட்டால் எதைச் சொல்வது? பெண்களை மருந்தடிக்க விடாதே என்றால் கூலி போகும், ஆணோ வெளிநாட்டுத் தொழிலாளியோ அதே பம்பைத் தூக்குவார். ஆணைப் போலப் பெண்ணும் அடிக்கலாம் என்றால் அது சமத்துவம்தான், சமமாகச் சாகும் உரிமை. தெனாகானித்தா கேட்டது இரண்டுமில்லை. விஷத்தையே தடை செய் என்றார்கள். 2002இல் அரசு தடை அறிவித்தது, 2006இல் தோட்ட நிறுவனங்களின் நெருக்குதலில் தளர்த்தியது, 1 ஜனவரி 2020இல்தான் தடை முழுதாக வந்தது. நம் ஊர்ப் பெண்கள் இயக்க வரலாற்றில் மிகத் தெளிவான சிந்தனை இந்தப் போராட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதிவிட்டு, பெண்ணுரிமைக் கணக்கில் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் பாலியல் தொல்லைச் சட்டத்தையும் மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

நீதிமன்றத்துக்குப் போனவர்களின் கதை வேறு. பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் விமானப் பணிப்பெண். கர்ப்பமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி அவருக்கு இருந்தது. விடவில்லை, 1991இல் நீக்கப்பட்டார். 2005இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. அரசியலமைப்பு தரும் சமத்துவம் அரசுக்கு எதிராகத்தான், கூட்டு ஒப்பந்தத்துக்கு எதிராக அதைக் கொண்டுவர முடியாது என்றார்கள். கூட்டு ஒப்பந்தம் என்றால் தொழிற்சங்கம் கையெழுத்துப் போட்டது. முதலாளி எழுதிய விதியை முதலாளிக்கு எதிராகக் காக்க வேண்டிய சங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 8ஆம் பிரிவில் ‘பாலினம்’ என்ற சொல் 2001இல் சேர்ந்தது, இவருக்கு அது உதவவில்லை. நூர்ஃபாடில்லாவுக்கு உதவியது. உலு லங்காட்டில் தற்காலிக ஆசிரியை வேலை கொடுத்து, கர்ப்பம் என்றதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்றது. அவரை நீக்கியது அரசு. அதனால் வென்றார். தனியார் முதலாளியாக இருந்திருந்தால்?

2022 திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கியது, கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்வதைக் கட்டுப்படுத்தியது, தகப்பனுக்கும் 7 நாள் கொடுத்தது. நல்ல விஷயங்கள். பாகுபாடு பற்றிய புகாரைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்று 69எஃப் பிரிவு வந்தது. பாகுபாடு என்றால் என்ன என்று மட்டும் அது சொல்லவில்லை. பாலினச் சமத்துவத்துக்கென்று தனிச் சட்டம் கேட்டு மகளிர் அமைப்புகள் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

பாலியல் தொல்லைச் சட்டம் 2022 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, அதன் தீர்ப்பாயம் 8 மார்ச் 2024இல் நடைமுறைக்கு வந்தது. வக்கீல் வேண்டாம், மூடிய விசாரணை, 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு. போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தாலே பயப்படும் நம் பெண்களுக்கு இது பெரிய கதவு. குறைகளோடு வரட்டும், உள்ளே நுழைந்து சரிசெய்யலாம் என்பது ஒரு வாதம். பாதிச் சட்டம் வந்துவிட்டால் மீதிக்கு இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும் என்பது எதிர்வாதம். மகளிர் அமைப்புகளின் கூட்டமைப்பு வரவேற்கவும் செய்தது, கடுமையாகக் குறை சொல்லவும் செய்தது. அந்தக் குறைகளில் முக்கியமானது, புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதற்கு எதிராகச் சட்டத்தில் ஒன்றுமில்லை என்பது. ஷிப்ட் மாற்றுவது, ஓ.டி. வெட்டுவது, வேறு கிளைக்கு அனுப்புவது எல்லாம் முன்போலவே நடக்கலாம்.

1941இல் கிள்ளானில் கேட்டதில் பாதி கிடைத்தது. மற்றப் பாதியை இன்னும் யாரும் எழுதவில்லை.

அடுத்து வீட்டு வேலை செய்பவர்கள். 2022 திருத்தம் ‘வேலைக்காரர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வீட்டுப் பணியாளர்’ என்று மாற்றியது. சொல் மரியாதையானது. ஆனால் மகப்பேறு விடுப்பு, வேலை நேரம், வார ஓய்வு பற்றிய பகுதிகள் அவர்களுக்கு இன்றும் பொருந்தாது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் வந்தபோதும் அவர்களை வெளியே வைத்துத்தான் வந்தது. பெண்ணுரிமைக் கூட்டங்களுக்கு நம்மில் பலர் நேரத்துக்கு வந்து சேர முடிவது, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பெண் இருப்பதால்தான். அவரைப் பற்றிப் பேசும்போது ‘எங்க வீட்டு மெய்ட்’ என்கிறோம். மறுபடியும் ஆறாம் வேற்றுமை. இந்த முறை உருபு ஒட்டியிருப்பது பெண்களோடு.